தினமும் கேஸ் மாத்திரை போடுறீங்களா? இரும்புச்சத்தையும் கொஞ்சம் கவனிங்க!

காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை, அப்புறம்தான் காபி. பல வீடுகளில் இதுதான் வழக்கம். டாக்டர் சில வாரங்களுக்கு எழுதிக் கொடுத்த பான்டோபிரசோலை, மெடிக்கல் ஷாப்பில் பழைய அட்டையைக் காட்டி வருடக்கணக்கில் வாங்குபவர்களும் உண்டு. நெஞ்செரிச்சல் அடங்கிவிடும். ஆனால், வயிற்று அமிலத்துக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன.

அமிலம் என்ன செய்கிறது?

கீரை, பருப்பு, கேழ்வரகில் உள்ள இரும்புச்சத்தை அமிலம் கரைத்துக் கொடுத்தால்தான் சிறுகுடல் நன்றாக உறிஞ்சும். இறைச்சியில் உள்ள இரும்புக்கு இந்த உதவி அவ்வளவு தேவையில்லை. அதனால், சைவம் சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கால்சியம் கார்பனேட் மாத்திரைக்கும் அமிலம் வேண்டும். உணவோடு சாப்பிடச் சொல்வது அதனால்தான். கால்சியம் சிட்ரேட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மெக்னீசியமும் குறையலாம். இவ்வகை மாத்திரைகளை நீண்டகாலம், பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் எடுப்பவர்களுக்கு இந்தப் பிரச்னை வரலாம் என அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2011-லேயே எச்சரித்தது. தசைப்பிடிப்பு, நடுக்கம், சீரற்ற இதயத்துடிப்பு ஆகியவை இதன் அறிகுறிகள்.

மாத்திரை மட்டும்தான் காரணமா?

இல்லை. ஹெச்.பைலோரி பாக்டீரியா தொற்று பல வருடங்கள் நீடித்து இரைப்பையின் உட்சுவர் தேய்ந்து போனாலும், இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்திருந்தாலும் அமிலம் குறையும்.

என்ன செய்யலாம்?

* மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கலாம். ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு, வயிற்றில் ரத்தக்கசிவு வராமல் இருக்கவே டாக்டர் இதைக் கொடுத்திருக்கக்கூடும். 'இன்னும் எத்தனை நாள் தேவை?' என்று அவரிடமே கேளுங்கள்.
* முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சை ரசமோ, நெல்லிக்காயோ சேருங்கள். வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம்.
* இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்காதீர்கள்.
* அமிலத்தைக் கூட்டுகிறேன் என்று வினிகர் குடிக்க வேண்டாம்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் உங்கள் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் ஏறவில்லையா? அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேஸ் மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.