எட்டுக் குச்சிகள், எட்டுச் சீட்டுகள்

தட்டுத் தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது போன்சாய் வளர்ப்பவர்களிடம் நெடுங்காலமாகப் புழங்கும் அறிவுரை. அது சரியா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு போதும். அதைத் தண்ணீரில் முக்கிப் படுக்கைவசமாகப் பிடித்தால் சிறிது நேரத்தில் சொட்டுவது நிற்கும். அப்படியே நெட்டுக்குத்தாக நிறுத்தினால் மறுபடி சொட்டத் தொடங்கும். மண்ணிலும் நடப்பது இதுதான். துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகள் நீரைப் பிடித்துக்கொள்வதால் தொட்டியின் அடியில் ஓர் ஈர அடுக்கு தேங்கி நிற்கும். அதன் உயரத்தை முடிவுசெய்வது துகளின் பருமன். தொட்டியின் ஆழத்துக்கு அதில் பங்கில்லை. ஆழமான தொட்டியில் பொருட்படுத்தத் தேவையில்லாத அந்த அடுக்கு, இரண்டு அங்குலத் தட்டில் வேர்ப்பகுதியில் பெரும்பங்கைச் சேறாக்கிவிடும். கல் பரப்பினால் அது போய்விடுவதில்லை, கல்லுக்கு மேலே ஏறிக்கொள்கிறது. வேருக்கு இருந்த இடமும் குறைகிறது. அடியில் துளையிட்ட இரண்டு பிளாஸ்டிக் தம்ளர்களில் ஒரே மண்ணை நிரப்பி, ஒன்றில் மட்டும் கல் போட்டு நீர் ஊற்றிப் பார்க்கலாம். ஜப்பானியர்கள் அகடாமா என்ற மணிமணியான களிமண்ணைச் சலித்துப் போடுவதன் சூட்சுமம் துகளின் பருமனில் இருக்கிறது. சலித்த செங்கல் துகள் அதே வேலையைச் செய்யுமா என்று பார்த்த பிறகு இறக்குமதி மண்ணுக்குப் பணம் கொடுப்பதே முறை.

அப்படிப் பார்ப்பவர்கள் குறைவு. மண் மாற்றும்போது வைட்டமின் பி1 கரைசல் ஊற்றினால் வேர் அதிர்ச்சி தணியும் என்ற நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். 1930களில் ஜேம்ஸ் பானர் என்ற அமெரிக்க ஆய்வாளர், செடியிலிருந்து வெட்டியெடுத்துக் குடுவையில் வளர்த்த பட்டாணி வேர்களுக்கு பி1 உதவுவதைக் கண்டார். செய்தி தோட்டக்காரர்களிடம் பரவிப் பெரும் வியாபாரமாயிற்று. ஆனால் முழுச் செடி தனக்கு வேண்டிய பி1ஐத் தானே தயாரித்துக்கொள்கிறது. கரைசல் ஊற்றாத செடிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தப் பலன் தென்படவில்லை. பி1 ஊற்றினேன், மரம் பிழைத்தது என்பவர் பொய் சொல்லவில்லை. ஊற்றாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அவரிடம் இன்னொரு மரம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த இன்னொரு மரம் மலிவாகவே கிடைக்கும். ஒரே போகன்வில்லாவிலிருந்து எட்டுக் குச்சிகள் வெட்டினால் எட்டும் ஒரே மரபணு கொண்டவை. விதைக்கன்றுகளில் இருக்கும் பிறவி வேறுபாடு இவற்றில் இல்லை. கற்றாழைச் சாற்றில் முக்கினால் வேர் நன்றாகப் பிடிக்குமா என்று பார்க்க வேண்டுமா? எந்த நான்கை முக்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்ய வேண்டும். நம் கை தேர்ந்தெடுத்தால் செழிப்பான குச்சி பிடித்த மருந்தின் பக்கம் போய்விடும். தொட்டிகளின் இடத்தையும் குலுக்கலுக்கே விடுவது நல்லது. மொட்டை மாடியில் மேற்கு மூலையின் வெயில் வேறு. பிறகு, எது எதென்று தெரியாத ஒருவர் வேரை அளக்க வேண்டும். சாற்றுக்குப் பலனே இல்லை என்றால், அதில் முக்கிய நான்கும் முதல் நான்கு இடங்களைப் பிடிக்கும் வாய்ப்பு 70இல் 1. பாலை முதலில் ஊற்றியதா, தேநீரை முதலில் ஊற்றியதா என்று சுவைத்தே சொல்வேன் என்ற பெண்ணை எட்டுக் கோப்பைகளால் சோதிப்பது பற்றி ரொனால்ட் ஃபிஷர் 1935இல் எழுதியதும் இதே கணக்குதான்.

எட்டு என்பது மிகச் சிறிய எண்ணிக்கை என்று புள்ளியியல் படித்தவர்கள் சொல்வார்கள். உண்மை. பத்து சதவீத வேறுபாடு இதில் அகப்படாது. வீட்டுத் தோட்டக்காரருக்கு அது பெரிய நஷ்டமும் இல்லை; எட்டுக் குச்சிகளில் தலைகாட்டாத பலனுக்காக மாதாமாதம் பாட்டில் வாங்கத்தான் வேண்டுமா? ஆனால் மரம் செத்துப்போகக்கூடிய ஆபத்தை இப்படி எடைபோடக் கூடாது, அங்கே மூத்தவர்களின் எச்சரிக்கைக்கே முதலிடம். முப்பது வருட மரத்தைச் சோதனையில் நிறுத்த முடியுமா என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். கிளையின் வளைவையும் தண்டின் முதுமையையும் சோதிக்க முடியாது; அது கலை. சோதிக்க வேண்டியவை மண், நீர், உரம், வெட்டு. இவை ஒரு பருவத்திலேயே பதில் தரும். வெட்டுக்காயத்துக்குப் பூசும் பசையைப் பாருங்கள். அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்று காட்டினார். போன்சாய்க்காரரின் கவலை வேறு, காயம் சீக்கிரம் மூடுமா என்பது. ஒரே மரத்தில் ஒத்த பருமனுள்ள கிளைகளை வெட்டி, பாதிக்குப் பூசி பாதியை விட்டால் அந்த மரமே சொல்லும்.

ஊட்டியில் கிடைத்த விடை மதுரைக்குப் பொருந்தாமல் போகலாம். ஜப்பானின் இளவேனிலை வைத்து எழுதிய மண் மாற்றும் அட்டவணையை நம் ஆலுக்கும் இச்சிக்கும் அப்படியே பின்பற்றுகிறவர்கள் இந்த ஆட்சேபத்தை எழுப்பினால் மட்டும் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். போன்சாய் சங்கங்கள் ஒரே கேள்வியை, ஒரே முறையில், வெவ்வேறு ஊர் உறுப்பினர்களிடம் கொடுத்து முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கலாம். ஒரு நிபந்தனை உண்டு: குச்சி நடும் முன்பே பெயரைப் பதிந்துகொண்டு, வேறுபாடு எதுவும் தெரியவில்லை என்றவர்களின் கணக்கையும் கேட்டு வாங்க வேண்டும். பலன் கண்டவர் தானாகவே வந்து சொல்லிவிடுவார்.