‘கிடந்தாக் கிடக்கட்டும்’ எண்டு விடாதேங்கோ

போன மாதம் என்னுடைய பழைய மடிகணினிக்கு லினக்ஸ் கேர்னலை நானே தொகுத்துப் பார்க்க வெளிக்கிட்டேன். கலைப்பீடத்துப் பிள்ளைக்கு இது என்னத்துக்கு எண்டு கேட்டவைக்கு ஒரே பதில்தான்: ஒவ்வொரு நாளும் பாவிக்கிற சாமான், உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுது எண்டு தெரிய வேண்டாமா?

‘மேக் மெனுகொன்ஃபிக்’ எண்டு அடித்தால் நீளமான கேள்விப் பட்டியல் ஒன்று வரும். நெட்வேர்க் பகுதிக்குள் இறங்கினால், அப்பிள்டோக் வேணுமா எண்டு ஒரு கேள்வி. அது 1985இல் அப்பிள் தன் மக்கின்ரோஷ் கணினிகளையும் பிரிண்டர்களையும் இணைக்கக் கொண்டுவந்த நெறிமுறை. 2009இல் வந்த ஸ்னோ லெப்பர்டோடு அப்பிளே அதைக் கைவிட்டுவிட்டது. பெத்தவையே கைவிட்ட பிள்ளையைப் பற்றிக் கேர்னல் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்குது.

விடை மூன்று. ‘வை’ எண்டால் கேர்னலுக்குள்ளேயே சேர். ‘எம்’ எண்டால் தனி மொடியூலாகச் செய்து டிஸ்கில் போட்டு வை. ‘என்’ எண்டால் வேண்டாம். கணினி தெரிந்த நண்பனிடம் கேட்டேன். “எம் போடு மச்சான். பாவிக்காட்டி லோட் ஆகாது. கிடந்தாக் கிடக்கட்டும்.”

இந்தக் ‘கிடந்தாக் கிடக்கட்டும்’ மேல்தான் எனக்குக் கோபம்.

‘எம்’ எண்டால் பூட்டி வைத்திருக்கிறது எண்டு பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஏதாவது ஒரு புரோகிராம் குறிப்பிட்ட எண்ணுடைய நெட்வேர்க் குடும்பத்தில் ஒரு சொக்கெற் கேட்டால், கேர்னல் தானாகவே அந்த எண்ணுக்குரிய மொடியூலைத் தேடி ஏற்றும். அப்பிள்டோக்கின் எண் 5. கேட்கிறவர் ரூட் ஆக இருக்கத் தேவையில்லை. சாதாரணப் பயனர் கேட்டாலே போதும். பூட்டின கதவில்லை இது, தட்டினால் திறக்கிற கதவு.

இது வெறும் பயம் இல்லை, நடந்த கதை. எக்கோநெட் எண்டு ஒன்று இருந்தது. 1980களில் பிரித்தானியப் பள்ளிக்கூடங்களில் பிபிசி மைக்ரோ கணினிகளை இணைக்க ஏகோர்ன் நிறுவனம் செய்தது. 2010இல் லினக்ஸின் எக்கோநெட் மொடியூலில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்றில் அனுமதிச் சோதனையே இல்லை. சாதாரணப் பயனரே நெட்வேர்க் இடைமுகத்துக்கு எக்கோநெட் முகவரி கொடுக்கலாம். இன்னொன்றால் கேர்னலைத் தடுக்கி விழ வைக்கலாம். கேர்னலின் மையப்பகுதியில் இருந்த மூன்றாவது தவறோடு இவை இரண்டையும் கோர்த்து, அந்த வருடம் டிசம்பரில் ஒரு தாக்குதல் நிரல் பகிரங்கமாக வந்தது. சாதாரணப் பயனர் அதால் ரூட் ஆகலாம். எக்கோநெட் வயரும் தேவையில்லை, பிபிசி மைக்ரோவும் தேவையில்லை. எந்த நாட்டுக்காரரோ, தன் வாழ்நாளில் பார்த்தேயிராத வகுப்பறை நெட்வேர்க் ஒன்றின் வழியாகத் தன் கணினியைப் பறிகொடுக்கலாம். அவரிடம் யாராவது ‘இது உமக்கு வேணுமா?’ எண்டு கேட்டார்களா? விநியோகம் செய்தவர்கள் அவருக்காக ‘எம்’ போட்டு முடித்துவிட்டார்கள். பிறகுதான் உபுண்டு, எக்கோநெட் உட்பட அருகிப்போன நெறிமுறைகள் தானாக ஏறாதபடி தடுக்கும் கோப்பு ஒன்றைச் சேர்த்தது. 2012இல் எக்கோநெட் கேர்னலிலிருந்தே போனது.

‘அப்ப எல்லாத்தையும் அழிச்சு விடுறதுதானே?’ எண்டு கேட்பீர்கள். 2018இல் ஐபிஎக்ஸ் போனது. 2022இல் டெக்நெட் போனது. அதைப் பராமரிக்க 2010இலிருந்தே ஆள் இல்லை. ஆள் இல்லாத குறிமுறையை எடுத்ததில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அழிப்பதுதான் எப்போதும் சரி எண்டும் இல்லை. பழைய மக் கணினிகளோடு கோப்புப் பகிர உதவும் நெட்டடோக் மென்பொருள் 2012இல் அப்பிள்டோக்கைக் கைவிட்டது. 2024இல் அதைத் திரும்பச் சேர்த்தது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகும் தேவைப்பட்டவர்கள் இருந்தார்கள், வேலை செய்யவும் ஆள் வந்தது. பழைய டிஸ்கில் யாருடைய எழுத்து, யாருடைய படம் இருக்குது எண்டு எங்களுக்குத் தெரியுமா? ஆவணம் தொலைவது என்ன எண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆகவே என் வாதம் எளிது. பராமரிக்க ஆள் இருக்கும்வரை பழசு கேர்னலில் இருக்கட்டும். ஆனால் திறப்பு, வேண்டியவரின் கையில் இருக்கட்டும். மொட்புரோப்பின் தடைப்பட்டியலில் அப்பிள்டோக் எண்டு ஒரு வரி எழுதினால் அது தானாக ஏறாது. உண்மையிலேயே தேவைப்படுகிறவர் ரூட் ஆகி ஒரு கட்டளை அடித்து ஏற்றிக்கொள்ளலாம். அவருக்கு நட்டம் ஒரு வரி. மற்ற எல்லாருக்கும் ஒரு கதவு குறையும். இதைவிட நியாயமான பங்கீடு எனக்குத் தெரியவில்லை.

தேர்வை ‘எம்’மில் விடுவதும் ஒரு முடிவுதான். அந்த முடிவை எடுப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர். அதனால்தான் இதை வெறும் தொழில்நுட்பப் பேச்சு எண்டு என்னால் ஒதுக்க முடியவில்லை.

லினக்ஸ் பாவிக்கிறவர்கள் இண்டைக்கு இரவு பூட் கோப்புறையில் இருக்கும் கொன்ஃபிக் கோப்பைத் திறந்து ஒருக்காப் பாருங்கோ. எத்தனை ‘எம்’ கிடக்குது, அதில் எத்தனையை நீங்கள் கேட்டீர்கள் எண்டு எண்ணுங்கோ.

நான் ‘என்’ போட்டேன். மடிகணினி நல்லாத்தான் ஓடுது.