குடலைப் பற்றியும் பேசுவோம்

சிறுநீரக நோயாளிகள் மருத்துவரிடம் வரும்போது கிரியாட்டினின், யூரியா, பொட்டாசியம் அளவுகள் அடங்கிய அறிக்கையைத் தவறாமல் கொண்டுவருகிறார்கள். இரத்த அழுத்தம், கால் வீக்கம் பற்றித் தயக்கமின்றிப் பேசுகிறார்கள். மலம் ஒழுங்காகக் கழிகிறதா என்பதை மட்டும் கூச்சத்தால் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கூச்சம் விலக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய நச்சுப் பொருட்களில் சில, குடலில்தான் உருவாகத் தொடங்குகின்றன.

நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. உணவில் நார்ச்சத்து இருந்தால், அவை அதை நொதிக்கச் செய்து குடற்சுவருக்கு ஊட்டமளிக்கும் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. நார்ச்சத்து குறைந்து, செரிக்காத புரதம் மிகுந்தால் அவற்றின் வேலை மாறிவிடுகிறது. புரதத்திலுள்ள டிரிப்டோபான் இண்டோலாகவும், டைரோசின் பாரா-கிரெசாலாகவும் மாறுகின்றன. இவை உறிஞ்சப்பட்டு, இண்டாக்சில் சல்பேட், பாரா-கிரெசில் சல்பேட் என்னும் நச்சுகளாக இரத்தத்தில் கலக்கின்றன. நலமான சிறுநீரகம் இவற்றைச் சிறுநீரில் தள்ளிவிடும். பழுதடைந்த சிறுநீரகத்தால் அது இயலாது.

இவ்வாறு தேங்கும் நச்சுகள் இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதிப்பதையும், சிறுநீரகத் திசுவில் தழும்பு உண்டாகத் துணைபோவதையும் ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. சிறுநீரக நோயாளிகள் பலரின் உயிரைப் பறிப்பது இதய நோயே என்பதால் இச்செய்தி முக்கியமானது. இரத்தத்தில் மிகும் யூரியாவும் குடலுக்குள் கசிந்து, அங்கே அம்மோனியாவாக மாறி, குடற்சுவரின் காப்பைத் தளர்த்துகிறது. ஆக, சிறுநீரகம் கெட்டால் குடல் கெடுகிறது. குடல் கெட்டால் சிறுநீரகம் மேலும் கெடுகிறது.

“டயாலிசிஸ் செய்துகொள்கிறோமே, அதில் எல்லாம் போய்விடாதா?” என்று சிலர் கேட்பதுண்டு. யூரியா நன்றாகவே வெளியேறும். ஆனால் இண்டாக்சில் சல்பேட்டில் 90 சதவீதத்துக்கும் மேல், இரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. டயாலிசிஸ் வடிகட்டி அல்புமினை வெளியே விடாது. அதனால் அதோடு ஒட்டிய நச்சும் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுகிறது.

இதைக் கேட்டதும் ‘குடலைச் சுத்தம் செய்யும்’ பொடிகளைத் தேடிப் போக வேண்டாம். குடலிலேயே நச்சை உறிஞ்சும் ஒருவகைக் கரி மருந்து ஜப்பானில் 1991 முதல் வழக்கில் உள்ளது. பல நாடுகளில் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வுகளில், அது நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தும் என்று நிறுவ இயலவில்லை. புரோபயாடிக் மாத்திரைகள் மாரடைப்பைத் தடுக்கும், டயாலிசிஸைத் தள்ளிப்போடும் என்பதற்கும் சான்று போதாது. இவற்றை நம்பி மருந்தையோ டயாலிசிஸையோ நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும்.

நம் கையில் இருப்பவை எளிய வழிகளே. முதலாவது, மலச்சிக்கலைச் சிறு தொல்லையாக எண்ணாதிருப்பது. நீர்க் கட்டுப்பாடு, இரும்புச்சத்து மாத்திரை, பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை, நடமாட்டக் குறைவு ஆகிய அனைத்தும் அதை உண்டாக்கக்கூடும். மலம் தேங்கினால் நச்சு உருவாகக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியத்தின் கணிசமான பகுதி மலத்தின் வழியே வெளியேறுவதால், இரத்தத்தில் அதன் அளவும் உயரலாம். எனினும், கடையில் தாமாகப் பேதி மருந்து வாங்க வேண்டாம். மெக்னீசியம் அல்லது பாஸ்பேட் கலந்தவை உங்களுக்குத் தீங்கு செய்யும்.

இரண்டாவது, பொட்டாசியத்துக்கு அஞ்சிக் காய்கறிகளை அடியோடு விலக்காதிருப்பது. சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய் போன்றவற்றைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டுச் சமைக்கலாம். எது, எவ்வளவு என்பதை உங்கள் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து உணவியல் வல்லுநர் வகுத்துத் தருவார்.

மூன்றாவது, புரதத்தின் அளவை அறிந்து உண்பது. டயாலிசிஸ் நிலையை எட்டாதவர்களுக்குப் பொதுவாக உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் போதும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. நச்சுக்கு அஞ்சி அவர்கள் புரதத்தைக் குறைத்தால் உடல் மெலிந்துவிடும்.

அடுத்த முறை வரும்போது, வாரத்தில் எத்தனை நாள் மலம் கழிகிறது என்பதையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். நோயாளி சொல்லத் தயங்கினால் உடன் வருபவர் சொல்லலாம். கிரியாட்டினின் அளவைப் போலவே அந்தக் குறிப்பும் எங்களுக்குத் தேவை.