கணக்கு யாருக்கு வராது?

அண்ணன் மகள் பன்னிரண்டாவது பாசாகிவிட்டாள். கணக்கில் மட்டும் மார்க்கு தேஞ்சுபோய் நிக்குது. "சித்தப்பா, பிசிக்ஸ் எடுக்கவா, கெமிஸ்ட்ரி எடுக்கவா? எனக்குத்தான் கணக்கு வராதே" என்கிறாள். நாங்கள் உட்கார்ந்திருந்த திண்ணையிலிருந்து பார்த்தால் கூடங்குளம் அணு உலையின் குவிமாடங்கள் தெரியும். 2002இல் அதற்குக் காங்கிரீட் போட ஆரம்பித்தபோது இவளுடைய அப்பன் அங்கே கம்பி கட்டப் போனவன். அப்பன் கட்டிய கம்பிக்குள்ளே என்ன நடக்கிறது என்று மகள் படிக்க நினைக்கிறாள்.

கேள்வி சின்னதுதான். ஆனால் அந்த 'வராதே' என்னை ராத்திரி தூங்கவிடவில்லை. வராதென்று இவளுக்குச் சொன்னது யார்?

எனக்குச் சொன்னவர் ஒரு வாத்தியார். ஏழாம் வகுப்பில் கரும்பலகை முன்னால் பின்னம் கூட்டத் தெரியாமல் நின்றேன். "ஒனக்கெல்லாம் எதுக்குலே கணக்கு, போயி மாட்டப் பத்து" என்றார். வகுப்பே சிரித்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் மூணு பேருக்கும் கடைசிப் பெஞ்சு. எங்கள் நோட்டை அவர் தொட்டுத் திருத்தியதில்லை. வரலாற்றில் ஒரு வருசம் போனால் அடுத்த வருசம் பிடித்துவிடலாம். கணக்கு அப்படியில்லை. பின்னம் தெரியாதவனுக்கு இயற்கணிதம் இல்லை, இயற்கணிதம் தெரியாதவனுக்கு நுண்கணிதம் இல்லை. ஏணியில் ஒரு படியைப் பிடுங்கிவிட்டு, இவனுக்கு ஏறத் தெரியாது என்கிறார்கள். அதை நாமும் நம்பி, நம் பிள்ளைகளிடமும் சொல்கிறோம்.

பயந்துபோய் நான் கெமிஸ்ட்ரி எடுத்தேன். விட்டது சனியன் என்றிருந்தேன். அது விடவில்லை. பி.எச். மதிப்புப் போட மடக்கை வந்தது. வினைவேகத்துக்கு அர்ரீனியஸ் சமன்பாடு, மின்கலத்துக்கு நெர்ன்ஸ்ட் சமன்பாடு, வெப்ப இயக்கவியலில் வகைக்கெழு. துணைப்பாடமாகக் கணிதமே வந்து குந்திக்கொண்டது. ரெண்டு அரியர். பயத்துக்காக ஒரு பாடத்தை எடுத்தால் பயம் கூடவே வகுப்புக்கு வரும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்காக ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்லமாட்டேன். பிசிக்ஸில் முதல் வருச இயந்திரவியலிலேயே வெக்டரும் வகைநுண்கணிதமும் வந்துவிடும். பிறகு மின்காந்தவியல், குவாண்டம் என்று எந்தத் தாளைத் திறந்தாலும் கணக்குத்தான். கெமிஸ்ட்ரியில் கரிமம், கனிமம், இயற்பியம் என்று மூன்று பகுதி. கணக்கு கடிப்பது பெரும்பாலும் மூன்றாவதில். மற்ற ரெண்டுக்கும் ஞாபகமும், மூலக்கூறை மனசுக்குள்ளே திருப்பிப் பார்க்கிற பழக்கமும், பியூரெட் முன்னால் நிற்கிற பொறுமையும் வேண்டும்.

வயித்துப்பாட்டையும் பார்க்கணுமே. அணுமின் கழகம் பி.எஸ்சி. படித்தவர்களை அறிவியல் உதவியாளர் பயிற்சிக்கு எடுக்கும்போது 60 சதம் கேட்பது வழக்கம். பிசிக்ஸில் 48 வாங்கியவன் வெளியே. கெமிஸ்ட்ரியில் 62 வாங்கியவன் பரீட்சை எழுதலாம். இதைச் சொல்லாமல் "துணிஞ்சு பிசிக்ஸ் எடு" என்று வீரம் பேசுவது நம் பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம்.

(அணு உலை பற்றி என் கருத்து தோழர்களுக்குத் தெரியும். 2011இல் இடிந்தகரைப் பந்தலில் நானும் உட்கார்ந்தவன். அங்கேயும் பெக்கரல் என்றால் என்ன, அரை ஆயுள் என்றால் என்ன என்று கேட்டார்கள். எதிர்க்கவும் கணக்கு வேண்டியிருக்கிறது.)

கெமிஸ்ட்ரி இளப்பமும் இல்லை. கூடங்குளத்து உலைத் தண்ணீரில் போரிக் அமிலம் கலக்கிறார்கள். அதிலுள்ள போரான் நியூட்ரான்களை விழுங்கி உலையை மட்டுப்படுத்துகிறது. அமிலம் இரும்பை அரிக்காமலிருக்க பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. இந்த அளவு தப்பினால் எந்தச் சமன்பாடும் உலையைக் காப்பாற்றாது.

மைக்கேல் ஃபாரடே கொல்லன் மகன். புத்தகம் பைண்டிங் செய்கிற கடையில் வேலை பார்த்த பையன். கணிதம் அவருக்குக் கிட்டத்தட்டத் தெரியாது. 1813இல் டேவியின் உதவியாளராக அய்ரோப்பா போனபோது டேவியின் மனைவி அவரை வேலைக்காரர்களோடு உட்கார்த்திச் சாப்பிட வைத்தார். 1825இல் பென்சீனைக் கண்டார், 1831இல் மின்காந்தத் தூண்டலை. இன்றைக்கு இங்கே ஜெனரேட்டர் சுற்றுவது அந்த விதியில்தான். ஆனால் இந்தக் கதையைச் சொல்லிப் பிள்ளைகளை ஏமாற்றக்கூடாது. ஃபாரடே கண்டதைக் கணக்காக்க மாக்ஸ்வெல் வேண்டியிருந்தது. இன்றைய பிசிக்ஸ் வகுப்பில் ரெண்டு பேர் வேலையையும் ஒருத்தியே செய்தாக வேண்டும்.

டாக்கா பக்கத்துக் கிராமத்து மேக்நாத் சாகாவை நினைக்கிறேன். கல்கத்தா விடுதியில் கூட உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள், சாதி குறைவென்று. 1920இல் அவர் எழுதிய அயனியாக்கச் சமன்பாடு விண்மீன் வாயுவை ஒரு வேதிவினைபோல எடுத்துக் கணக்கிட்டது. பிசிக்ஸா கெமிஸ்ட்ரியா என்று அவரிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ!

உண்மையில் இந்தத் தேர்வு கல்லூரி வாசலில் நடப்பதில்லை. பதினொன்றாம் வகுப்பில் கணக்கில்லாத குரூப்பில் தள்ளும்போதே பெரும்பாலான கல்லூரிகளில் பிசிக்ஸ் கதவு சாத்தியாகிவிடுகிறது. மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டிய இடம் அது. பத்தாவது முடித்த பிள்ளைகள் நம் தெருவில் யார் யார் என்று மே மாதமே கணக்கெடுங்கள்.

அண்ணன் மகளிடம், "ரெண்டுக்கும் விண்ணப்பம் போடு. கவுன்சிலிங் வரைக்கும் தினம் ரெண்டு மணி நேரம் கணக்குப் போடுவோம். பிடிபட்டா பிசிக்ஸ். பிடிபடலன்னா கெமிஸ்ட்ரி, தலை குனியாம எடு" என்றேன். நேத்து ராத்திரி ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துப் பின்னத்திலிருந்து ஆரம்பித்தோம். அரைமணி நேரத்தில் பக்கத்து வீட்டுப் பயல்கள் ரெண்டு பேரும் நோட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். திண்ணையில் இடம் பத்தவில்லை.