மெட்டாவுக்கு ஏன் போகுதுன்னு கேட்டா குத்தமா?

அன்னூர்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் பதினொண்ணாவது. வேதியியல் நோட்டைப் பிரிச்சா ரெண்டு பட்டியல். "வேகப்படுத்துபவை: ஆர்த்தோ, பாரா", "மெதுவாக்குபவை: மெட்டா". கீழ சிவப்பு மையில "அப்படியே மனப்பாடம்"!

"ஏன் மாப்ளே, நைட்ரோ இருந்தா அடுத்தது ஏன் மெட்டாவுக்குப் போகுது?"

"அது ரூலுங்க மாமா."

என்ன கொடுமைங்க இது! இதுக்கு ஃபீஸ் வேற...

ரூலும் இல்லை, ஒண்ணும் இல்லை. பென்சீன் வளையத்தைத் தேடி வர்றவன் எலக்ட்ரான் பசியோட வர்றான். ஃபீனால்ல இருக்கிற ஓஹெச், வளையத்துக்குள்ள எலக்ட்ரானைத் தள்ளிவிடுது. புரோமின் தண்ணி ஊத்தினாப் போதும், வினையூக்கி இல்லாமலே மூணு புரோமின் ஏறிடும். நைட்ரோ நேர் எதிர், இழுக்கற பார்ட்டி. புதுசா வர்றவன் ஆர்த்தோவுலயோ பாராவுலயோ ஒட்டினா, வளையத்துல வர்ற நேர்மின் சுமை நைட்ரோ உட்கார்ந்திருக்கிற கார்பன் தலையிலயும் விழும். ஏற்கெனவே காஞ்சு கிடக்கிற இடம். மெட்டாவுல அந்தத் தொல்லை இல்லை. மெட்டா ஒண்ணும் நல்ல இடம் இல்லைங்க, மத்த ரெண்டும் அதைவிட மோசம்.

பட்டியல் பல்லிளிக்கிறது குளோரின்கிட்ட. ஆர்த்தோ-பாராவுக்குத்தான் அனுப்பும். ஆனா நைட்ரேற்றத்துல குளோரோபென்சீன் பென்சீனை விட சுமார் 30 மடங்கு மெதுவு! ஒரு கையால இழுத்து, மறு கையால தன் தனி எலக்ட்ரான் ஜோடியைக் கொடுக்கிற ஆசாமி அது. நம்ம பையன் நோட்டுல இது 'வேகப்படுத்துபவை'யில உட்கார்ந்திருக்கு.

"சிலபஸ் முடிக்கணும் சார்"னு சண்டைக்கு வருவாங்க. படம் போட்டுக் காட்ட ரெண்டு பீரியட் போதுங்க.

அவிநாசி தாண்டினா திருப்பூர். பனியனுக்கு ஏத்துற சாயத்துல பெரும்பாலானது அசோ சாயம். டையசோனியம் ஒரு சோம்பேறி. ஓஹெச்சோ அமினோவோ எலக்ட்ரான் கொடுக்கிற வளையம் கிடைச்சாத்தான் இணையும். சாயம் பொறக்கிறதே இந்தப் பாடத்துலதான். அதே சாயத்துல இருக்கிற அசோ, சல்ஃபோனிக் தொகுதிகள் எலக்ட்ரானை இழுத்துப் பிடிச்சுக்கறதால, காத்தோட்டத் தொட்டியில பாக்டீரியாவால லேசுல கடிக்க முடியறதில்லை. நொய்யல் நாறி, 2011 ஜனவரியில சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை இங்க எல்லாருக்கும் தெரியும். வகுப்புல மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க.

பட்டியல்ல இல்லாத அனிசோலைக் கொடுத்திருக்கேன். மாப்ளே அரை மணி நேரமா பென்சிலைக் கடிச்சுக்கிட்டு அம்புக்குறி போட்டுட்டிருக்கான் :)