வாசியாமல் தரும் சம்மதம்

நம் ஆலயங்களில் திருமணத்திற்கு முன் மூன்று முறை ஓலை வாசிக்கிறார்கள். பின்னும் பீடத்தின்முன், எவருடைய கட்டாயமுமின்றி மனமொப்பி வந்தீர்களா என்று குருவானவர் மணமக்களைக் கேட்கிறார். அறிந்தும் உரிமையோடும் தருவதே சம்மதம் என்பதைத் திருச்சபை இத்துணைக் கவனமாகக் காத்து வருகிறது. நாமோ கைப்பேசியில் நாள்தோறும் எத்தனையோ சம்மதங்களை வாசியாமலே தந்துவிடுகிறோம்.

கடலூரில் நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், தாயாரின் மருத்துவச் செலவுக்காகச் செயலி ஒன்றில் ஐயாயிரம் ரூபாய் கடன் கேட்டார். தொலைபேசி எண்களைப் பார்க்கலாமா, படங்களைப் பார்க்கலாமா என்று அது கேட்டது. அவசரத்தில் எல்லாவற்றிற்கும் இசைந்தார். கைக்கு வந்தது மூவாயிரத்துச் சொச்சம். தவணையோ ஏழே நாள். எட்டாம் நாள், சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட தமக்கையின் மாமனாருக்கு, 'உங்கள் உறவினர் மோசக்காரர்' என்று செய்தி போயிற்று. புகுந்த வீட்டில் தலைகுனிந்து நின்ற அந்தத் தமக்கை செய்த பிழை என்ன? தம்பியின் கைப்பேசியில் மாமனாரின் எண் இருந்தது, அவ்வளவே.

அன்பர்களே, நம் கைப்பேசியிலுள்ள எண்கள், நம்மை நம்பிப் பிறர் ஒப்படைத்தவை. அவர்களைக் கேளாமல் அவற்றை அந்நியருக்குத் திறந்துவிட நமக்கு உரிமை ஏது? பிறர் நற்பெயரைக் காப்பது எட்டாம் கட்டளையின் கடமை என்று ஞானோபதேசத்தில் கற்றவர்கள் அல்லவா நாம்?

சட்டமும் இதையே சொல்கிறது. கடன் செயலிகள் எண்களின் பட்டியலையும், அழைப்பு விவரங்களையும், படங்களையும் தொடலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஓர் உதாரணம் காட்டுகிறது: மருத்துவ ஆலோசனை தரும் செயலி எண்களின் பட்டியலையும் கேட்டு, நாம் இசைந்தாலும், அச்சம்மதம் மருத்துவத்திற்கு மட்டுமே செல்லும். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் பெறும் வாய்ப்பையும் அச்சட்டம் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

ஆயினும் சட்டம் வாசலில் நிற்கும் காவலாளிதான். கதவைத் திறப்பது நம் விரலே. இந்த ஞாயிறு மாலை, குடும்பச் செபமாலை முடிந்ததும், பெற்றோரும் பிள்ளைகளும் கூடியமர்ந்து கைப்பேசியின் 'அமைப்புகள்' பகுதியில் 'அனுமதிகள்' என்பதைத் திறந்து பாருங்கள். விளக்கு எரியவைக்கும் செயலிக்கு நம் உறவினரின் எண்கள் எதற்கு? தேவையற்ற அனுமதியை நீக்கிவிடுங்கள். முன்பே போய்விட்ட விவரம் திரும்பாது; இனிப் போவதைத் தடுக்கலாம்.

மிரட்டலுக்கு ஆளானவர்கள் மானத்திற்கு அஞ்சி மறைக்க வேண்டாம். 1930 என்ற எண்ணில் முறையிடலாம். அதற்கும் முன்பாக வீட்டாரிடம் சொல்லுங்கள். நாம் சொன்ன இளைஞர் மூன்று நாள் ஒருவரிடமும் பேசாது உண்ணாதிருந்தார். நான்காம் நாள் சிதம்பரத்திலிருந்து வந்து, அவரை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் சென்றவர் அதே தமக்கைதான்.