வில்லும் சொல்லும்

என்னிடம் முன்னர் இலக்கணம் பயின்ற மாணாக்கர் ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்தார். யப்பான் தேசம் சென்று வில்வித்தை பயிலப் போவதாகவும் அதற்கு என் ஆசி வேண்டுமென்றும் கூறினார். கையில் ஒரு நூலும் இருந்தது. "அந்நாட்டு மொழி தெரியுமா, தம்பி?" என வினவினேன். "வித்தைக்கு மொழி எதற்கு, ஐயா? ஆசானின் உடம்பு சொல்லும். என் உடம்பு கேட்கும். இந்நூலே அதற்குச் சான்று" என்றார். ஆசி வழங்கினேன். ஆயின், அவர் காட்டிய சான்றே அவர் கூற்றை மறுக்கும் சான்று என்பதை எடுத்துரைக்க அன்று நேரம் வாய்க்கவில்லை. அவருக்குப் பேருந்து புறப்படும் வேளையாயிற்று. ஆதலின் ஈண்டு எழுதுகின்றேன்.

அந்நூல் ஒய்கன் ஹெறிகல் என்னும் ஜேர்மானியத் தத்துவ ஆசிரியர் 1948இல் வெளியிட்டது. வில்வித்தையையும் ஸென் பௌத்தத்தையும் இணைத்துப் பேசுவது. அதனைப் படித்து யப்பான் நோக்கிப் புறப்பட்டவர் பலர். 1956இல் யப்பானிய மொழிக்கும் அது பெயர்க்கப்பட்டது. யப்பானியரும் தம் வில்லைப்பற்றி ஜேர்மானியர் ஒருவர் வாய்க் கேட்கலாயினர்!

ஹெறிகல் 1924 முதல் 1929 வரை செண்டாய் நகரத்துத் தொஹோக்கு இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தார். அக்காலத்தில் அவா கென்ஸோ (1880–1939) என்னும் ஆசானிடம் வில் பயின்றார். அந்நாட்டு வில் இரண்டு மீற்றருக்கு மேல் நீண்டது, ஆளுயரத்தை விஞ்சுவது. தொடக்கத்தில் இலக்கு என்பதே இல்லை. அருகில் வைத்த வைக்கோற் கட்டை நோக்கி நாணை இழுத்தலும் விடுத்தலுமே நெடுங்காலப் பயிற்சி. பொருள் விளங்குமுன் சூத்திரத்தை மனனம் செய்த என்போலியர்க்கு அப்பொறுமையின் அருமை சொல்லாமலே விளங்கும்.

குறை அங்கில்லை. ஆசானின் உரையை ஹெறிகல் நேரே கேட்டிலர். கொமாச்சியா ஸோஸோ என்னும் உடனாசிரியரே மொழிபெயர்த்து உதவினார். ஆசான் முன்னுரைத்ததற்கு முரணாகப் பேசுவதுபோலத் தோன்றிய வேளைகளில் தாம் முழுவதும் பெயர்க்காது மௌனம் சாதித்ததாக 1940இல் அவரே எழுதினார். கேட்டவர்க்கும் சொன்னவர்க்கும் இடையில் இப்படியொரு மௌனம் நின்றது. ஆசானின் முரணும் பாடத்தின் ஒரு பகுதியன்றோ?

நூலின் உயிர்நிலையாக நிற்பது ஒரு தொடர். மாணாக்கன் எய்வதில்லை, 'அது எய்கின்றது' என்று ஆசான் சொன்னாராம். அந்த 'அது' யாது என உலகெங்கும் உரைகள் பெருகின. யமதா ஷோஜி என்னும் யப்பானிய ஆய்வாளர் 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அத்தொடரை அவா வேறெந்த மாணாக்கருக்கும் உரைத்ததாகச் சான்றில்லை என்கின்றார். நன்கு விடுத்த அம்பைக் கண்டு ஆசான் "ஸோரே தெஷ்தா" என்றிருக்கலாம் என்பது அவர் ஊகம். தமிழில் "அதுவே!" எனலாம். தேற்றேகாரம் பெற்ற ஒரு சுட்டுப்பெயர், வெறும் பாராட்டு. தோன்றா எழுவாயைப் பொறுக்கும் மொழி யப்பானியம். நம் மொழியும் அத்தகையதே. ஜேர்மன் மொழியிலோ மழை பெய்வதற்கும் ஓர் 'அது' வேண்டும். அங்குப் புகுந்த சுட்டு எழுவாயாயிற்று, எழுவாய் தெய்வமாயிற்று. ஊகமேயாயினும், இலக்கணம் கற்ற எனக்கு இது பொருந்துவதாகவே படுகின்றது.

மற்றொன்று. ஒருநாள் இரவு இருளில் ஆசான் எய்த இரண்டாம் அம்பு முதலம்பின் அடியைப் பிளந்து நின்றது. நூலில் அது பெருவிளக்கமாய் நிற்கின்றது. அன்றிரவு மொழிபெயர்ப்பாளர் உடனில்லை. அது தற்செயலாய் நேர்ந்ததே என அவா பின்னர் வேறொரு மாணாக்கரிடம் சொன்னதாகவும் பதிவு உண்டு.

ஹெறிகலை வஞ்சகர் என்று நான் சொல்லேன். உடம்பு கேட்கும் என்பதையும் மறுக்கவில்லை. தோளை இறக்கவேண்டுமெனில் ஆசான் தொட்டுக் காட்டிவிடுவார். எதனை அவர் விளையாட்டாகச் சொன்னார், எதனை நாள்தோறும் சொல்லும் வழக்கத்தாற் சொன்னார், எதனை நெஞ்சுருகிச் சொன்னார் என்பனவற்றைத் தொட்டுக் காட்டுவது எங்ஙனம்? 'மொழியாசிரியன் வேறென்ன சொல்வான்!' என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும்.

மாணாக்கர் புறப்பட இன்னும் எட்டு மாதம் உண்டு. யப்பானியத்தில் ஒலியெழுத்து வரிசை இரண்டு. ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்து 46. சீன எழுத்துக்களை அங்குச் சென்றபின் பார்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை வருமாறு அவருக்குக் கடிதம் எழுதியிருக்கின்றேன். அரிச்சுவடி ஒன்று வாங்கிவரும்படியும் சொல்லியிருக்கின்றேன். இரண்டு வாங்கினால் நானும் உடனிருந்து படிக்கலாம்.